சுவருக்குள் ஓடும் தண்ணீர்: புதுவீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள புதுவீட்டுக்காரர்களுக்கு,

குழாய் வேலை செய்கிறவன் எழுதுகிறேன். இந்த வருஷம் பால் காய்ச்சிக் குடியேறியவர்கள், பூச்சு வேலை முடியாமல் கொத்தனாரோடும் சிமென்ட் மூட்டையோடும் இன்னும் மல்லுக்கட்டுகிறவர்கள், பாதி ஆயுளை வாடகை வீட்டில் கழித்துவிட்டுக் கடன் வாங்கி ஒரு வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

வாடகைக்கு இருந்தபோது குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டீர்கள். இப்போது வீட்டுக்காரர் நீங்கள்தான். வீட்டின் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் போவதன் விலையைப் பல நேரம் வேறு யாரோ கொடுக்கிறார்கள். மாடியில் குடியிருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், பகலில் வீட்டில் தனியாக இருக்கும் உங்கள் அம்மா, கழிவுத் தொட்டி சுத்தம் செய்ய வருகிற தொழிலாளி. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

“பைப் உடைஞ்சு தண்ணி கொட்டுது, உடனே வாங்க” என்று போன் வரும். மெயின் வால்வை மூடினீர்களா என்று கேட்பேன். “அது எங்க இருக்கு?” என்பார்கள். நான் வந்து சேர எப்படியும் நேரமாகும். முக்கால் இஞ்ச் குழாய் தடையில்லாமல் கொட்டினால் 1000 லிட்டர் தொட்டி ஒரு மணி நேரம் தாங்காது. அத்தனையும் கூடத்தில் நிற்கும். அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பும். ஸ்விட்ச் போர்டு பக்கம் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு வால்வைத் திருப்பியிருந்தால் ஒரு வாளியோடு போயிருக்க வேண்டிய விஷயம்.

அதனால் முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள். தொட்டியின் அடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயிலும் ஒரு வால்வு இருக்கும். ஒன்று சமையலறைக்கு, ஒன்று குளியலறைகளுக்கு, ஒன்று கீழ்வீட்டுக்கு என்று பிரித்திருப்பார்கள். ஒன்றை மூடிவிட்டுக் கீழே வந்து எந்தெந்தக் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். அதன் பெயரை அழியாத பெயின்டால் அந்த இடத்திலேயே எழுதுங்கள். எல்லா வால்வுக்கும் இப்படிச் செய்ய ஒரு காலைப் பொழுது போதும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாடி ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கைக்கு எட்டும்படி கீழே ஒரு வால்வு வைத்துத் தரச் சொல்லி உங்கள் பிளம்பரிடம் கேளுங்கள். பெரிய செலவு இல்லை.

வால்வில் இரண்டு வகை உண்டு. வட்டப் பிடியைப் பல சுற்றுச் சுற்றி மூடுவது கேட் வால்வு. நீளக் கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடிக்கொள்வது பால் வால்வு. கைப்பிடி குழாயோடு ஒரே நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வீட்டுக்கு நான் பால் வால்வைத்தான் சொல்வேன். உப்புத் தண்ணீர் ஊர்களில் கேட் வால்வைச் சில வருஷம் தொடாமல் விட்டால் உள்ளே உப்புப் படிந்து இறுகிவிடும். அவசரத்தில் பலங்கொண்ட மட்டும் திருகினால் தண்டு முறிந்து, மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. எந்த வகையானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்துவிடுங்கள்.

வாஷ்பேசினுக்கு அடியிலும் கம்மோட் பக்கத்திலும் இருக்கும் சின்ன வால்வுக்கு ஆங்கிள் காக் என்று பெயர். அந்த ஒரு இடத்துத் தண்ணீரை மட்டும் நிறுத்த அதுதான். கம்மோட் பக்கத்து ஹெல்த் ஃபாசெட்டின் வளைகுழாய்க்குள் எந்நேரமும் அழுத்தம் இருக்கிறது. நாங்கள் பார்த்த வரையில் ஆளில்லாத வீட்டில் வெடிக்கிற குழாய் பெரும்பாலும் அதுதான். வாஷிங் மெஷினுக்குப் போகும் வளைகுழாயும் அப்படியே. ஊருக்குப் போகும்போது கேஸை மூடுகிற கையோடு மாடியில் மெயின் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.

இன்னும் சுவர் பூசாதவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். காடி வெட்டிக் குழாய் பதித்த பிறகு கொத்தனார் பூச ஆரம்பிப்பதற்கு முன் உங்களுக்கு ஒன்றிரண்டு நாள் கிடைக்கும். அந்த நாள் போனால் திரும்ப வராது. ஒவ்வொரு சுவரிலும் ஒரு அளவு டேப்பைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, குழாய் எந்த உயரத்தில் போகிறது, மூலையிலிருந்து எத்தனை அடி தள்ளி இறங்குகிறது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள். குளியலறைத் தரையில் கழிவுக் குழாய் போகும் வழியையும் எடுங்கள். பத்து வருஷம் கழித்துக் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போதும், டைல்ஸை உடைக்காமல் ஒழுகலைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போதும் அந்தப் படங்கள்தான் உதவும். குழாய்க்கு நேர் மேலும் கீழும் சுவரில் துளை போடக் கூடாது என்ற ஒன்றையாவது மனதில் வையுங்கள்.

அதே நாளில் அழுத்தச் சோதனையும் செய்துவிட வேண்டும். குழாய் முனைகளை டம்மி போட்டு அடைத்து, கைப் பம்பால் தண்ணீர் ஏற்றி, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு விட்டுவிடுவோம். சில மணி நேரம் கழித்து முள் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சிபிவிசி குழாயை ஒட்டும் சொல்யூஷன் சாதாரணப் பசை இல்லை. குழாயின் மேற்பரப்பையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்குவது. வெட்டிய முனையில் பிசிறு நின்றாலோ, ஈரம் இருந்தாலோ, டின்னில் போட்டிருக்கிற நேரம் காயவிடாமல் தண்ணீர் விட்டாலோ அந்த ஜாயின்ட் அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும், அடுத்த வருஷம் கைவிடும். “டெஸ்ட் எல்லாம் வேண்டாம் சார், நம்ம வேலை ஒழுகாது” என்று எங்களில் யாராவது சொன்னால், அவர் எவ்வளவு நல்ல கைக்காரரானாலும் சம்மதிக்காதீர்கள். குளியலறைத் தரைக்கும் இதே விதி. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கழிவு வாயை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க நிற்கவிட்டுக் கீழ்த்தளத்துக் கூரையைப் போய்ப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்வது எளிது.

குழாயின் வகையில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண வெள்ளை யூபிவிசி சூடு தாங்காது. 60 டிகிரி பக்கம் போனாலே இளகத் தொடங்கும். சிபிவிசி 90 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆகவே கீசரிலிருந்து வரும் வழி முழுவதும் சிபிவிசிதான் இருக்க வேண்டும். மொட்டைமாடியில் வெயில் படும் குழாய் எதுவானாலும் நாளடைவில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்; தண்ணீரில் கரைக்கும் பெயின்ட் ஒரு பூச்சு அடித்துவிடுங்கள். பழைய வீடு வாங்கியவர்கள் வீட்டில் ஜிஐ இரும்புக் குழாய் இருக்கலாம். காலையில் முதல் தண்ணீர் செம்பழுப்பாக வந்தால், குழாயின் உள்பக்கம் துருப்பிடித்துவிட்டது. முக்கால் இஞ்ச் குழாயில் சுண்டுவிரல் நுழையும் வழிகூட மிச்சம் இல்லாமல் உப்பும் துருவும் அடைத்திருப்பதை அறுத்துப் பார்த்திருக்கிறோம். அங்கங்கே ஒட்டுப் போடாமல், பணம் சேர்ந்ததும் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

“மாடியில் ஷவர் சரியாக வரவில்லை” என்பது எல்லா ஊரிலும் கேட்கிற குறை. ஷவரை மாற்றுகிறார்கள், வால்வை மாற்றுகிறார்கள், பிரஷர் பம்ப் வாங்குகிறார்கள். காரணம் பெரும்பாலும் உயரம்தான். 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால் கீழே ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். தொட்டியைத் தளத்தின் மேலேயே உட்காரவைத்தால், அதற்கு நேர் கீழே ஏழடி உயரத்தில் இருக்கும் ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் இடையில் மூன்றரை அடிதான் இருக்கிறது. அதில் எந்த ஷவரும் மழையாகப் பொழியாது. அதே தொட்டியை ஆறடி மேடை கட்டி ஏற்றினால் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று பங்காகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. மேடையின் கால்கள் சுவர் அல்லது பீம் மேல் நிற்க வேண்டும். எஞ்சினியரைக் கேட்காமல் தளத்தின் நடுவில் ஏற்றிவிடாதீர்கள்.

தொட்டி கழுவிய மறுநாள் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வராமல் புஸ்ஸென்று காற்று வந்தால் அது ஏர் லாக். வளைவில் காற்று சிக்கிக்கொண்டு தண்ணீரை மறிக்கிறது. தொட்டியை நிரப்பிவிட்டு, கீழ்த்தளத்துக் குழாய்களை முதலில் திறந்து, பிறகு மேலே ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். அடிக்கடி இப்படி ஆனால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஏர் வென்ட் இல்லை என்று அர்த்தம். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே எழும்பி, வாய் திறந்து நிற்கும் ஒரு சிறு குழாயை அந்த இடத்தில் சேர்த்தால் தீர்ந்தது.

கீசர் விஷயத்தில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும். சூடேறும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானால் கால் லிட்டருக்கு மேல் பெருக்கும். பெருத்த தண்ணீர் போக வழி வேண்டும் என்றுதான் அந்த வால்வை வைத்திருக்கிறார்கள். தரை ஈரமாகிறது என்று அதன் வாயை எம்-சீல் வைத்து அடைத்திருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். தெர்மோஸ்டாட் பழுதாகி நிற்காமல் சூடேறினால் கீசர் வெடிக்கும்; கீழே குளிப்பவர் உங்கள் வீட்டு ஆள். அடைக்காதீர்கள். ஒரு சிறு குழாய் மாட்டி அந்தச் சொட்டைத் தரை ஜாலிக்கு விடுங்கள். கீசரை அணைத்துப் பல மணி நேரம் ஆன பிறகும் சொட்டினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். கீசர் இருக்கும் லைனுக்கு எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தரைக்கடித் தொட்டியான சம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் தெருக்குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. வராத நேரத்தில் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் இல்லை. அதன் பக்கத்திலேயே பல தெருக்களில் சாக்கடையும் ஓடுகிறது. இரண்டிலும் விரிசல் இருந்தால் அழுக்குத் தண்ணீர் உள்ளே கசியும். இந்த நிலையில் தெருக்குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் என்ன ஆகும்? குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, சுற்றியிருக்கும் சாக்கடை நீரையும் சேர்த்து இழுக்கும். அந்தத் தண்ணீர் மோட்டார் போட்டவர் வீட்டுக்கு மட்டும் போகாது, தெரு முழுக்கப் போகும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு உங்கள் மோட்டார் காரணமாகலாம். சட்டப்படியும் அது தவறு. தெருத் தண்ணீர் தானாகச் சம்புக்குள் விழட்டும்; மோட்டார் சம்பிலிருந்து மாடிக்கு ஏற்றட்டும்.

சம்பின் வாய் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது தரையோடு தரையாக மூடி வைத்த சம்புகளுக்குள் தெருத் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் அவற்றைக் கழுவிக் கிருமி நீக்காமல் தொட முடியவில்லை. மூடி கனமாகவும் பூட்டக்கூடியதாகவும் இருக்கட்டும். திறந்து கிடந்த சம்பில் விழுந்து குழந்தைகள் இறந்த செய்தி வராத வருஷம் இல்லை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் வைத்திருப்பவர்கள் சம்புக்குள் கைவிடும் முன் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினையே அணைத்துவிடுங்கள். மோட்டாரின் உறை பழுதானால் தண்ணீர் முழுக்க மின்சாரம் நிற்கும். நீண்ட நாள் மூடியிருந்த சம்புக்குள் உடனே யாரையும் இறக்காதீர்கள். காற்று கெட்டிருக்கும்.

சத்தமில்லாமல் தண்ணீரைத் தின்கிற இடம் ஃப்ளஷ் டேங்க். உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்தால் கம்மோட்டின் பின்சுவர் வழியாக நூல்போல ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரை டேங்கில் போட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கம்மோட்டில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்ற வேண்டும். வீடு மொத்தத்துக்கும் ஒரு சோதனை உண்டு: இரவு எல்லோரும் படுத்த பிறகு தொட்டியில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, காலையில் முதல் ஆள் குழாயைத் தொடும் முன் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. சொட்டும் குழாயின் கீழ் ஒரு லிட்டர் பாட்டிலை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் வருஷத்துக்கு 8,760 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் இருப்பவர்களுக்கு அதன் விலை தெரியும்.

இனி வெளியே போகிற தண்ணீர். உள்ளே வருவது அழுத்தத்தால் வருகிறது. மேலே ஏறும், வளையும், எங்கும் போகும். வெளியே போவதற்கு அந்த வசதி இல்லை. அதற்கு வேண்டியது வாட்டம். நாலு இஞ்ச் கழிவுக் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் நல்ல வாட்டம். இடம் இல்லாவிட்டால் 60 அடிக்கு 1 அடி. அதற்கும் குறைந்தால் நிற்கும். அதிகமாக இறக்கினால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. வாட்டம் மிகுந்தால் தண்ணீர் முந்தி ஓடிவிடும், திடக்கழிவு பின்தங்கிக் குழாயிலேயே காய்ந்து ஒட்டும். குழாய் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சேம்பர் வைக்கச் சொல்லுங்கள். முற்றத்துக்கு டைல்ஸ் போடும்போது அதன் மூடியைப் புதைத்துவிடாதீர்கள்.

குளியலறையில் ஜாலிக்குக் கீழே இருப்பது நாணி ட்ராப். அதன் வளைவில் இரண்டு இஞ்ச் ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடையும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த இரண்டு இஞ்ச் தண்ணீர்தான். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையில் வாடை அடித்தால் ஃபினாயில் தேட வேண்டாம். அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது, ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள் போதும். பயன்படுத்தாத அறையானால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டால் சீக்கிரம் வற்றாது. சில வீடுகளில் மேலே ஃப்ளஷ் செய்தால் கீழே வாஷ்பேசின் களக் களக்கென்று சத்தம் போடும். வென்ட் குழாய் இல்லாததால், ஓடுகிற தண்ணீர் காற்றுக்காக ட்ராப்பில் இருக்கும் தண்ணீரையே உறிஞ்சுகிறது. கூரைக்கு மேல் நீண்டு நிற்கும் அந்தக் குழாயை, முகப்புக்கு அழகாக இல்லை என்று அறுத்துவிடச் சொல்கிறார்கள். விட்டுவிடுங்கள், அது அங்கேதான் இருக்க வேண்டும்.

சமையலறை சிங்க் அடைத்தால் அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தேங்காய்ச் சக்கையும்தான் இருக்கும். ஆசிட் ஊற்றாதீர்கள். அடைப்பு கரையாமல் ஆசிட் அங்கேயே நிற்கும். பிறகு அதற்குள் கைவிடப்போகிறவர் நாங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

மழைத்தண்ணீரைக் கழிவுக் குழாயில் விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2003-லேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனாலும் மொட்டைமாடித் தண்ணீரைச் சேம்பரில் இணைத்த வீடுகள் நிறைய. ஒரு பெருமழைக்குத் தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடை நிரம்பி, தாழ்வான வீட்டின் கம்மோட் வழியாகப் பொங்குகிறது. மாடித் தண்ணீர் உங்கள் மண்ணுக்குள் போகட்டும்.

கடைசியாகச் செப்டிக் டேங்க். பாதாளச் சாக்கடை வராத ஊர்களில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். தொட்டிக்குள் கனமானது அடியில் சேறாகப் படிகிறது, எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கின்றன, நடுவில் தெளிந்த நீர் வெளியே போகிறது. சேறு ஏற ஏற அந்த நடு இடம் சுருங்கி, கழிவே வெளியேறத் தொடங்கும். நிரம்பி வழிகிற வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரியை வரவழைத்து எடுத்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் விட்டால் அடிச்சேறு இறுகிக் குழாயால் உறிஞ்ச முடியாமல் போகும். ஆளை உள்ளே இறக்கலாமா என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் தாமதத்துக்கு அவர் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதாகிறது.

உள்ளே இருப்பது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “வாடை இல்லை, இறங்கலாம்” என்பது அதனால்தான் ஆளைக் கொல்கிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் சோதனை ஆகாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும். முதலில் இறங்கியவர் மயங்கினால் தூக்கப்போன இரண்டாமவரும் விழுவார். இப்படி அண்ணன் தம்பியாகப் போன குடும்பங்கள் இந்த மாநிலத்தில் உண்டு. 2013-ஆம் வருஷச் சட்டப்படி, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம். முதல் முறைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. சட்டம் வேலை கொடுத்தவரையும் பிடிக்கும். வேலை கொடுத்தவர் நீங்கள்.

தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டிக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டால், அதைத் திறப்பதே ஒரு பெரிய வேலையாகித் தள்ளிப்போட்டுக்கொண்டே போவீர்கள். ஆசிட்டும் ஃபினாயிலும் அளவுக்கு மீறி உள்ளே போனால் கழிவைக் கரைக்கும் கிருமிகள் செத்துச் சீக்கிரம் நிரம்பும். லாரி வருகிற நாளில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் எவரையும் பின்னால் இறங்க விடாமல் தடுத்து, 101 அல்லது 112-ஐ அழையுங்கள். உறிஞ்சி முடித்த பிறகு, “அடியில கொஞ்சம் கெட்டியா நிக்குது சார், ஒரு ஆளை இறக்கினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்று சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கலக்கிவிட்டு மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். அதற்கு இன்னொரு நடை வர வேண்டும், தனியாகப் பணம் ஆகும் என்றால், கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க் குழாய்க்காரன்